செங்கோட்டையிலிருந்து வந்த சாறு

ஆறுமுகச்சாமிக்கு விக்கல் பிடித்திருப்பது சங்கரன்கோவில் பூ மார்க்கெட் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பிச்சிப்பூவை ஏலம் கூற வாயைத் திறப்பார். விலை பாதி வெளியே வரும், மீதியை விக்கல் விழுங்கிவிடும். எதற்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் வியாபாரிகள் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, யாரோ விடாம நினைக்காவ. செங்கோட்டைச் சம்பந்தியாத்தான் இருக்கும்" என்றார் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பூ வாங்க வந்தவர். "கல்யாணப் பந்தல் பூராவும் பிச்சியிலதான் கட்டணும்னு உக்காந்து யோசிக்காவ போல."

"போவே... ஒம்ம சோலியப் பாரும்" என்றார் ஆறுமுகச்சாமி. அதற்குள் இரண்டு விக்கல் வந்துவிட்டது.

பிளஸ்ஸி அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். அவள் சித்த மருத்துவர். ஓர் அறக்கட்டளையின் ஆராய்ச்சிக்காக இந்த ஊருக்கு வந்திருந்தாள். சர்க்கரை நோய் ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்குச் சிறுகுறிஞ்சான் இலைப்பொடி எவ்வளவு தூரம் உதவுகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களுக்கு இலைப்பொடி அடைத்த மாத்திரை கொடுப்பாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய் எடை பார்த்து, விரலில் குத்தி ரத்தம் சோதிப்பாள். மார்க்கெட்டில் முதலில் சேர்ந்தவர் ஆறுமுகச்சாமி. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சேர்ந்தார்கள்.

அன்று அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. வேட்டியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"எத்தனை நாளா விக்கல் அண்ணாச்சி?"

"மூணு நாளா இருக்கும். சோறு பிடிக்கல. குமட்டிக்கிட்டே வருது."

"ஒண்ணுக்குச் சரியாப் போகுதா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பொம்பளப் பிள்ள மார்க்கெட்ல வச்சுக் கேக்குற கேள்வியாம்மா இது?"

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நேத்துக் கொஞ்சூண்டு போச்சு. இன்னைக்கு இன்னும் இல்ல" என்றார் குரலைத் தாழ்த்தி.

பிளஸ்ஸி எடை பார்க்கும் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

திருவேங்கடம் சாலையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. அங்கே டயாலிசிஸ் வசதி உண்டு. சிறுநீரக மருத்துவர் கோமதிநாதன் திருநெல்வேலியிலிருந்து அங்கே வந்துபோவார். அன்று அவர் வந்திருந்தது பெரிய புண்ணியம். ரத்தச் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, ஆறுமுகச்சாமியின் மனைவி நெல்லையம்மாளை உட்காரச் சொன்னார்.

"அம்மா, ரெண்டு கிட்னியும் வேலையை நிறுத்திருச்சு. ரத்தத்துல கழிவு சேர்ந்திருக்கு. அதனாலதான் விக்கல். இன்னைக்கே டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்."

"திரும்ப வேலை செய்யுமா சார்?"

"எதனால நின்னுச்சுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். போன மாசம் வரைக்கும் நல்லா இருந்திருக்கு. திடீர்னு நின்னிருக்கு." அவர் பிளஸ்ஸியின் பக்கம் திரும்பினார். "நீங்க கொடுக்குற மாத்திரையில என்ன இருக்கு டாக்டர்?"

"சிறுகுறிஞ்சான் இலை மட்டும்தான் சார். உலோகம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் பரிசோதனை பண்ணித்தான் கொடுக்கோம்."

"நான் நம்புறேன். ஆனா புதுசா ஒரு மருந்து சாப்பிடுற மனுஷனுக்கு இப்படி ஆனா, முதல் விரல் அந்த மருந்தைத்தான் காட்டும். அதை நீங்களே காட்டுனா நல்லது."

அவர் குரலில் கடுமை இல்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது. பிளஸ்ஸி வெளியே வந்து, ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் குழுவுக்கு நடந்ததைத் தெரிவித்தாள். பிறகு வேப்பமர நிழலில் நின்றுகொண்டே, மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரையும் போனில் அழைத்து, மறு தகவல் வரும்வரை நிறுத்தச் சொன்னாள். அவர்களுக்கும் சிறுநீர்ச் சோதனைக்கு ஏற்பாடு செய்தாள்.

"எனக்கு நல்லாத்தான்மா போகுது" என்றார் பூக்கட்டும் மைமூனம்மாள். "ராத்திரியில நாலு தடவை எந்திரிக்கேன். கூடப் போனாலும் தப்பா?"

"போனா நல்லதும்மா. போகட்டும்."

கடைசி அழைப்பையும் முடித்துவிட்டு ஸ்கூட்டர் மேல் சாய்ந்தாள். கண்ணை மூடினாள். ஆண்டவரே, என் மருந்தாக மட்டும் இருக்கக் கூடாது என்று மனம் தானாகச் சொன்னது. கண்ணைத் திறந்தபோது ஜன்னல் வழியாக நெல்லையம்மாள் தெரிந்தாள். கணவனின் வீங்கிய பாதங்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதங்களைப் பார்த்த பிறகு பிளஸ்ஸிக்குத் தன் ஜெபம் கூச்சமாக இருந்தது. இன்னொரு முறை கண்ணை மூடினாள். என் மருந்தாகவே இருந்தாலும் இருக்கட்டும் ஆண்டவரே, அவர் பிழைக்கட்டும்.

முதல் ஜெபம் சொல்ல எளிதாக இருந்தது. இரண்டாவது அப்படி இல்லை. ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் அவளால் உள்ளே போய் நிற்க முடிந்தது.

டயாலிசிஸ் நடந்தது. விக்கல் நின்றது. சிறுநீர் மட்டும் வரவில்லை. நெல்லையம்மாள் கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்தாள்.

"நெத்தியில பூசிக்கிடட்டும் அக்கா" என்றாள் டயாலிசிஸைக் கவனித்துவந்த நர்ஸ் ஜாய்ஸ் சிஸ்டர். "வாயில மட்டும் போட்டுராதீங்க. டாக்டர் இப்பச் சந்தேகக் கண்ணோட அலையுதாரு."

கோமதிநாதன் இடுப்புப் பக்கம் ஊசி செலுத்தி, சிறுநீரகத்திலிருந்து நூலளவு தசையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் பிளஸ்ஸியை அழைத்து, தன் போனில் படத்தைக் காட்டினார். கறுத்த பரப்பில் கண்ணாடித் தூளைச் சிதறவிட்டதுபோல் மின்னியது.

"ஆக்ஸலேட். சில கீரையில, புளிப்புக் காய்கள்ல இருக்கிறதுதான். கொஞ்சமாப் போனா ஒண்ணும் செய்யாது. மொத்தமா உள்ளே போனா, இப்படிப் படிகமாகி கிட்னிக்குள்ள இருக்கிற சின்னச் சின்னக் குழாயை அடைச்சிரும்."

"சிறுகுறிஞ்சான்ல இவ்வளவு கிடையாது சார்."

"எனக்கும் தெரியும். அப்ப வேற எதுல இருந்து வந்துச்சு? சமீபத்துல சாப்பிட்ட ஒண்ணுன்னா, நிறுத்தினதும் கிட்னி திரும்பிரும். எப்பவாவது கண்ணுல படுற கேஸ்தான், ஆனா திரும்பும். உடம்புலயே உள்ள கோளாறுன்னா இந்தக் கிட்னியை நாம மறந்துர வேண்டியதுதான். எதுன்னு எனக்குத் தெரியணும். இவரோ எதுவுமே சாப்பிடலைங்காரு."

இருவரும் படுக்கைக்குப் போய் மறுபடி கேட்டார்கள்.

"திருச்செந்தூர் முருகன் மேல சத்தியமா, டாக்டரம்மா குடுத்ததைத் தவிர வேற மருந்து நான் தொடல" என்றார் ஆறுமுகச்சாமி.

"நாட்டு மருந்து, கசாயம், லேகியம்?"

"இல்லங்கேன்லா." அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். விசிறிக்கொண்டிருந்த நெல்லையம்மாளின் கை ஒரு கணம் நின்று, மறுபடி விசிறியது.

பிளஸ்ஸி வெளியே வந்தபோது நெல்லையம்மாளின் தம்பி நடைபாதையில் காத்திருந்தான். ராயகிரியிலிருந்து பைக்கிலேயே வந்தவன். வெயிலும் கோபமும் சேர்ந்து முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா, இலை தழையக் குடுத்து மனுசனுக்கு என்ன ஆகுதுன்னு பாக்கீங்களோ? எங்க அத்தான் என்ன எலியா? போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். நாளைக்கு நீ இந்த ஊருல இருக்க முடியாது, பாத்துக்க."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிளஸ்ஸியிடம் பதில் இல்லாமல் இல்லை. பரிசோதனை முடிவுகள் எல்லாம் பையில்தான் இருந்தன. ஆனாலும் அவள் பையைத் திறக்கவில்லை.

"நீங்க கோவப்படுறது நியாயந்தான் அண்ணே. அவரு முதல்ல குணமாகட்டும். அப்புறம் என்னை எங்க வந்து நிக்கச் சொன்னாலும் நிக்கேன். காலையில இருந்து அக்கா ஒண்ணும் சாப்பிடல. நீங்க அத்தான் பக்கத்துல கொஞ்சம் இருந்தீங்கன்னா, நான் அவங்களைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போவேன்."

அவன் இன்னும் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றான். ஆனால் சண்டை போட எதிரே யாரும் இல்லாமல் போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.

மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடையில் இரண்டு பேருக்கும் இட்லி வந்தது. நெல்லையம்மாள் ஒரு விள்ளலை எடுத்துச் சாம்பாரில் தொட்டாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எதிரே பிளஸ்ஸியின் இலையும் அப்படியே இருந்தது.

"ஏட்டி, நீ சாப்பிடலையா?" என்றாள். இத்தனை மாதமாக டாக்டரம்மா என்று கூப்பிட்டவள்.

"சாப்பிடுதேன் அக்கா."

"எந்தம்பி சொன்னதை மனசுல வச்சுக்கிடாத."

"இல்லக்கா."

"அவன் எழுதிக் குடுத்தா, ஒனக்கு வேலை போயிருமோ?"

பிளஸ்ஸி கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "போகலாம். அது பரவாயில்ல. ஆனா எதனால வந்துச்சுன்னு தெரியாமப் போனா, அண்ணாச்சிக்கு எப்படி வைத்தியம் பாக்கிறதுன்னு டாக்டருக்குத் தெரியாது. அதான் பயமா இருக்கு."

நெல்லையம்மாள் விள்ளலைத் திரும்ப இலையில் வைத்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அது மருந்து இல்லட்டி. அவரு பொய்ச் சத்தியம் பண்ணல. அது எங்க சம்பந்தி வீட்டுல இருந்து வந்த சாறு."

பிறகு ஒன்று ஒன்றாக வெளியே வந்தது. அவர்கள் மகள் வித்யாலட்சுமியை ராம்சங்கர் என்ற பையனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். செங்கோட்டைக்காரர்கள், நல்ல இடம். அவர்கள் வீட்டுக் கொல்லையில் பிலிம்பிக்காய் மரம் ஒன்று நிற்கிறது. மலையாளத்தில் இரும்பன்புளி என்பார்கள். விரல் நீளத்தில் பச்சைக் காய்கள் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்த் தொங்கும். நாக்கில் வைத்தால் உச்சந்தலை வரை கூசும். அதைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரையும் கொழுப்பும் கரைந்துபோகும் என்று பையனின் அம்மா மீனலோசினியிடம் புனலூரில் யாரோ சொல்லியிருந்தார்கள். சம்பந்திக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்டதும் அவள் கையாலேயே பிழிந்து, பாட்டிலில் ஊற்றி, பஸ்ஸில் கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். போன மாதக் கடைசியிலிருந்து ஆறுமுகச்சாமி நாள்தோறும் பெரிய டம்ளர் நிறையக் குடித்துவந்தார்.

"அவருக்குப் புளிப்பே ஆகாதுட்டி. கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத்தான் குடிப்பாரு. சம்பந்தி வீட்டுல பாசமாக் குடுத்து விடுறதக் கொட்டலாமான்னு கேப்பாரு. இப்ப அதாலதான் இப்படி ஆயிட்டுன்னு வெளிய தெரிஞ்சா, பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டு மேல பழி போட்டுட்டாங்கன்னு ஆயிராதா? பத்திரிகை அடிச்சாச்சு. நான் செத்தாலும் வாயைத் திறக்காதன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தாக்கூட நான் சொல்லியிருக்க மாட்டேன்."

பிளஸ்ஸி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் மருந்து அல்ல என்ற நிம்மதி முதலில் வரும் என்று நினைத்திருந்தாள். அதற்கு முன்னால் வந்தது இன்னொன்று. போன மாதக் கடைசியில் ஆரம்பித்தது என்றால், சிறுநீரகம் திரும்பிவிடும். அவர் பிழைப்பார்.

செய்தியைக் கேட்ட கோமதிநாதன் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "அதேதான். கேரளாவுல இது மாதிரி நடந்ததைப் படிச்சிருக்கேன். நிறைய பேருக்குத் திரும்பியிருக்கு. டயாலிசிஸ் பண்ணிக்கிட்டே காத்திருப்போம்."

ஆறுமுகச்சாமி மட்டும் மனைவியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "வாயைத் திறந்துட்டியா?"

"அண்ணாச்சி, அக்காவை வையாதீங்க" என்றாள் பிளஸ்ஸி. "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். செங்கோட்டையில அந்தச் சாறை வேற யாரு குடிக்காங்க?"

அவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி குடிக்காரு" என்றார் மெதுவாக. "சங்கரராமன். அவருக்கும் சர்க்கரை உண்டு. எனக்கு முன்னாலயிருந்தே குடிக்காரு." தலையணையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். "நான் மரியாதை பாத்துக்கிட்டு இங்கன கிடக்கேன். அங்கன அந்த மனுசனும் குடிச்சிக்கிட்டு இருக்காரு. ஏட்டி, போனைப் போடு."

போனைப் போட வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி தெரிந்து, அவர்கள் ஏற்கெனவே பஸ் ஏறியிருந்தார்கள். சற்று நேரத்தில் வயர்கூடையும் கையுமாக மீனலோசினி வார்டுக்குள் நுழைந்தாள். பின்னால் சங்கரராமன், தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மெலிந்த மனிதர், குடையை மடக்கிக்கொண்டே வந்தார்.

"அண்ணாச்சி! என்ன இப்படி வாடிப் போயிட்டீங்க! நாலஞ்சு நாளா பஸ்ல ஆள் கிடைக்காம பாட்டில் அனுப்ப முடியல, அதுக்குள்ள ஒடம்பு இப்படி ஆயிட்டே!" கூடையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திறந்து, டம்ளர் நிறைய ஊற்றிவிட்டாள். "காலையில பிழிஞ்சது. கண்ணை மூடிட்டு ஒரே மடக்கு."

நெல்லையம்மாள் பதறி எழுந்தாள். ஜாய்ஸ் சிஸ்டர் பிடுங்குவதற்குக் கையை நீட்டினாள். பிளஸ்ஸி அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள். ஆறுமுகச்சாமி டம்ளரை வாங்கி, பக்கத்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, உக்காருங்க. நான் இதைக் குடிக்க மாட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க. இதாலதான் எனக்கு இப்படி ஆயிருக்குன்னு டாக்டர் கண்டுபிடிச்சிட்டாரு. நீங்க பாசத்துலதான் குடுத்தீங்க, நானும் பாசத்துலதான் குடிச்சேன். சம்பந்தி வீட்டுச் சரக்குன்னு கிட்னிக்குத் தெரியல்ல பாத்துக்கிடுங்க."

மீனலோசினி புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிளஸ்ஸி அருகே போய் உட்கார்ந்து, எளிமையாக விளக்கினாள். ஊறுகாயாகவோ குழம்பிலோ கொஞ்சம் சேர்த்தால் அந்தக் காய் கெடுதல் இல்லை, சாறாகப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிப்பதுதான் வினை, தெரியாமல் நடந்தது, இவர் பிழைத்துக்கொள்வார்.

"பாவி, எங்கையாலயா..." என்று மீனலோசினி நெஞ்சைப் பிடித்தாள். மறு நொடியே துள்ளி எழுந்தாள். "ஐயையோ! ஏங்க! நீங்களும் தினம் குடிக்கீங்களே! டாக்டரம்மா, முதல்ல இவரைப் பாருங்க, இவரை இங்கன படுக்கப் போடுங்க!"

எல்லோரும் சங்கரராமனைப் பார்த்தார்கள். அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். இருமினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"எப்படி இல்லாம இருக்கும்? ஒரு நாள் விடாம குடிச்சீங்களே!"

"முத நாள் குடிச்சேன்."

"தினமும் என் கையில இருந்துதான டம்ளரை வாங்குவீங்க!"

"வாங்குவேன்." மறுபடி இருமினார். "நீ அடுக்களைக்குள்ள போனதும் சன்னல் வழியா வாழைக்கு ஊத்திருவேன். புளிப்பு என்னால தாங்க முடியல மீனா. வேண்டாம்னா நீ சங்கடப்படுவ. கஷ்டப்பட்டுப் பிழியுற."

மீனலோசினிக்கு அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை.

"அந்த வாழையில இலையெல்லாம் ஏன் இப்படிப் பழுத்துப் போச்சுன்னு நான் தினமும் பொலம்புனேனே, அப்பக்கூட வாயைத் திறக்கலையே!"

படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆறுமுகச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி, எனக்கும் ஒரு வாழையை அனுப்பியிருக்கக் கூடாதா!"

நெல்லையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாய்ஸ் சிஸ்டர் மருந்துத் தட்டை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். சங்கரராமனும் சிரித்துவிட்டார். சந்தேகத்துக்கு அவருடைய ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு மீனலோசினி ஆறுமுகச்சாமியைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணாச்சி, இதைச் சொன்னா நாங்க கல்யாணத்தை நிறுத்திருவோம்னு நினைச்சீங்களாக்கும்? எங்களை அவ்வளவுதான் எடை போட்டீங்களா?"

அந்தக் கேள்வி அவரை நன்றாகவே குத்தியது. ஆனால் அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நெல்லையம்மாளின் கையிலிருந்து விசிறியை வாங்கிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"மைனி, நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சு, ஒரு தூக்கம் போட்டுட்டு வாங்க. இன்னைக்கு நான் இருக்கேன். என் மருமக அங்க தனியாக் கிடந்து அழுதுக்கிட்டு இருப்பா."

அதற்குப் பிறகும் கஷ்டமான நாட்கள் இருந்தன. டயாலிசிஸ் நடந்தது, நடந்தது, சிறுநீர் வரவில்லை. திரும்பும் என்று சொன்ன கோமதிநாதனே படுக்கைக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் குடுவையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிய நாட்கள் உண்டு. நெல்லையம்மாள் கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். பிளஸ்ஸி காலையும் மாலையும் வந்தாள். தம்பிக்காரன் அவளைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுக்கப் பழகியிருந்தான். போலீஸ் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிளஸ்ஸி நேரே மருத்துவமனைக்கு வந்தாள். படியேறும்போதே நெல்லையம்மாளின் குரல் கேட்டது.

"வந்துட்டு! டாக்டரம்மா, வந்துட்டு!"

நெல்லையம்மாள் நடைபாதையில் ஓடி வந்துகொண்டிருந்தாள். கோயில் தீர்த்தத்தை ஏந்தி வருவதுபோல் இரண்டு கையாலும் அந்தக் குடுவையை ஏந்தியிருந்தாள். பின்னால் ஜாய்ஸ் சிஸ்டர் துரத்தினாள். "அக்கா, சிந்திராதீங்க! நான் அளக்கணும்! அக்கா, நில்லுங்க!"

குடுவையின் அடியில் ஒரு காப்பி டம்ளர் அளவுகூட இருக்காது. பிளஸ்ஸி அதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. நடைபாதையில் காத்திருந்த யார் யாரோ, எந்த ஊர்க்காரர்களோ, எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "அப்பாடா" என்றார்கள். உள்ளே ஆறுமுகச்சாமி கூச்சத்தில் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டிருந்தார்.

"ஊரு பூராவும் கொண்டு போய்க் காட்டுதாளே! ஏட்டி, மார்க்கெட்டுக்கும் எடுத்துட்டுப் போ, ஏலம் விட்டுருவோம்!"

மறுநாள் அரைக் குடுவை. அதற்கடுத்த நாள் ஜாய்ஸ் சிஸ்டர் குடுவையை மாற்றி மாற்றி ஓய்ந்துபோனாள். "குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சிட்டு டாக்டர்" என்று கோமதிநாதனிடம் சொன்னாள். அடைபட்ட குழாய்கள் திறக்கும்போது அப்படித்தான் கொட்டும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் பிளஸ்ஸி ஆறுமுகச்சாமியிடம் ஓர் அனுமதி கேட்டாள். இந்த நோயைப் பற்றித் தானும் கோமதிநாதனும் சேர்ந்து ஒரு மருத்துவ இதழுக்கு எழுத வேண்டும். படிக்கிற டாக்டர்கள் இன்னொருவரைக் காப்பாற்றக்கூடும்.

"எம்பேரு வருமா?"

"வராது அண்ணாச்சி. நடுத்தர வயது ஆண்னு மட்டும் வரும்."

"வெறும் ஆணா?" அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. "சரி, எழுதுங்க. சம்பந்தி குடுத்ததுன்னு மட்டும் எழுதிராதீங்க."

"இங்கிலீஷ்ல சம்பந்திக்கு வார்த்தையே கிடையாது அண்ணாச்சி. உறவினர்னு எழுதிருதோம்."

"பாவம்மா வெள்ளக்காரன்" என்றார் ஆறுமுகச்சாமி.

மற்றவர்களின் சோதனைகள் ஒழுங்காக இருந்ததால், கண்காணிப்புக் குழு ஆராய்ச்சியைத் தொடர அனுமதித்தது. சிலர் பயந்து விலகிக்கொண்டார்கள். அவர்களை பிளஸ்ஸி வற்புறுத்தவில்லை. ஆனால் தான் இதுவரை கேட்டுவந்த கேள்வி தவறு என்று அவளுக்குப் புரிந்திருந்தது. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டிருந்தாள். பாசத்தோடு ஒருவர் கொண்டுவந்து கொடுப்பதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் எல்லோரும் நல்ல மனசாட்சியோடு இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

குருவிகுளத்தில் அவளிடம் மாத்திரை வாங்குகிறவர்களில் பவுல்பாண்டியன் ஒருவர். மானாவாரிக் காட்டில் உளுந்து போடுபவர். அவர் வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அவள் புதுக் கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு யாராவது ஆசையா என்னமாவது செஞ்சு தாராங்களா? சாப்பிட, குடிக்க?"

அவர் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மருமக காப்பி தருது."

"காப்பி பரவாயில்லையே."

"காலையில ஒண்ணு, பதினோரு மணிக்கு ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. கரண்டி கரண்டியாச் சீனி அள்ளிப் போடுது. அவங்க வீட்டுல அப்படித்தான் குடிப்பாங்களாம்."

"அண்ணாச்சி! ஒங்களுக்குச் சுகர்!"

"தெரியும். புதுசா வந்த பிள்ள. ஆசையாக் கொண்டுவந்து நீட்டுது, வேண்டாம்னு எப்படிச் சொல்ல?" அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க கொஞ்சம் பக்குவமா சொல்லிருங்களேன். நான் சொன்னதா மட்டும் இருக்கப்படாது."

உள்ளே காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது. பிளஸ்ஸி சிரித்துக்கொண்டே எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்களையை நோக்கிப் போனாள்.